கரண்டியில் ஐந்து எழுத்து

வெள்ளிக் கரண்டியோடு துண்டுச் சீட்டையும் நீட்டினேன்:
கஸ்தே. ஜூலை 23.

மூரோனென் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"சடங்கு இருக்கிறது, தேதி இருக்கிறது.
பிள்ளையின் பெயர் எங்கே?"

இதுதான் பெயர் என்றேன்.

சீட்டைத் திருப்பிப் பார்த்தார்,
மறுபக்கம் ஏதாவது ஒளிந்திருக்கும் என்று.
மறுபக்கம் மளிகைக் கணக்கு:
ஓட்ஸ், ஈஸ்ட், பூனைக்கு மணல்.

எங்கள் ஃபின்னிஷ் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்.
விடியலில் புல்மேல் இறங்கியிருக்கும் பனித்துளி கஸ்தே.
பாதிரியார் உள்ளங்கையில் அள்ளி
உச்சந்தலையில் மூன்று முறை விடும் திருமுழுக்கும் கஸ்தே.
புல்லில் இருந்ததுதான் மூத்தது.
கடல் தாண்டிவந்த சடங்குக்கு
இங்கே நனைவதற்கு இருந்த சொல்லைக்
கடனாகக் கேட்டிருக்க வேண்டும்.
இன்னும் திருப்பித் தரவில்லை.

காபியில் பன்னைத் தோய்ப்பதும் அதே வேர்.
மழையில் தொப்பலாவதும்,
தக்காளிச் செடிக்கு நீர் விடுவதும்,
உருளைக்கிழங்கின் மேல் ஊற்றும் குழம்பும்,
தூண்டிலில் கோர்க்கும் மண்புழுவும்கூட.

என் தம்பி ஓஸ்மோ
திருச்சபையைத் தலைமுழுகியவன்.
ஒரு சொட்டு நீர் இல்லாமல்,
திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில்,
ஒரு படிவத்தில்.

ஹெல்யா அடிக்கடி கோயிலுக்குப் போகிறவள் அல்ல.
ஆனால் தன் நெற்றியில் பட்ட நீர்
பிள்ளையின் நெற்றியிலும் பட வேண்டும்,
அவ்வளவுதான் என்பாள்.
அவள் "அவ்வளவுதான்" என்றால்
சுற்றிப் போகத்தான் வழியுண்டு.

பெயர் பதிய மூன்று மாதம் தருகிறது அரசு.
பதினோரு வாரம்
குட்டி, உருண்டை, ஏய், என்றே வளர்ந்தது பெண்.
நீதான் ஞானத்தாய் என்றாள் ஹெல்யா.
அந்தப் பதவியே இல்லை என்றான் ஓஸ்மோ.
நான் கரண்டியை வாங்கிவிட்டேன்.

பியலினென் ஏரிப் பக்கம்
ஜூலையில் இரவு முழுதாக இருட்டுவதில்லை;
வெளிறிப்போய் விழித்திருக்கும்,
ஆஸ்பத்திரித் தாழ்வாரம் போல.
மூன்று மணிக்கு வயிற்றுவலியில் வீரிட்ட பிள்ளையை
இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓஸ்மோ
அறுக்காத திமோத்திப் புல்லுக்குள் இறங்கினான்.
எங்கே போகிறோம் என்று யோசிக்கவில்லை.
தொடைவரை நனைந்தான்.
தொங்கிய சின்னக் கால் ஒன்று
கதிர் நுனிகளை உரசிக்கொண்டே வந்தது.
உரசும்தோறும் அழுகை ஒரு படி இறங்கியது.
நடுவயலில் நின்றே போனது.
தூரத்தில் கொக்கு ஒன்று கத்தியது; அதற்கும் அழவில்லை.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.
அடுப்புக் கம்பியில் காயும் காற்சட்டையை ஹெல்யா பார்த்தாள்.
பிள்ளையின் கால்விரல் இடுக்கில்
ஒரு புல்விதை.
கேள்வி கேட்காமல் படிவத்தை எடுத்து எழுதினாள்.
அவன் வாங்கி, பனித்துளி என்று படித்தான்.
நீ எழுதியது எதை என்று
அவனும் கேட்கவில்லை.
எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது
அவள் குரலில் சிரிப்பு இருந்தது,
வெற்றி இருந்ததா தெரியவில்லை.

"பள்ளியில் இவளைப் புழு என்பார்கள்"
என்றார் மூரோனென், உளியைத் தேடியபடி.
சொல்லட்டும்.
என் பெயரில் என் வகுப்பில் நான்கு பேர்.
எங்களை யாரும் எதுவும் சொன்னதில்லை.
கூப்பிட்டால் நால்வரும் திரும்புவோம்,
மூவர் வெட்கப்பட்டு முன்னே பார்ப்போம்.
அந்த மூவரில் ஒருத்தியாகவே
பெரும்பாலும் இருந்தேன்.

"எழுத்துக்கு மூன்று யூரோ. தேதி சும்மா."
இரண்டு பொருள் இருக்கிறதே என்றேன்.
"எழுத்துக்குத்தான் கூலி.
பொருளுக்கு நான் பொறுப்பில்லை."

செதுக்கி முடித்ததும்
துடைப்பதற்காகக் கரண்டியை வாயருகே கொண்டுபோய்
ஹா என்று ஊதினார்.
வெள்ளி மங்கியது.
ஐந்து எழுத்தின் மேலும் ஈரம் படர்ந்தது,
மூச்சின் ஈரம்.
துணியை எடுத்தார்.

இருங்கள் என்றேன்.